தலைக்கு வைத்த ஆஸ்மி மாவு

என் தலைமுடியைப் பற்றிக் கருத்துச் சொல்ல எங்கள் சந்தில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. ரொட்டிக்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, உள்ளே குருவி இருக்கிறதா, பறந்துவிட்டதா என்று விசாரிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் வாங்கில் இருந்தவள், கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சரிடம் முறையிட்டு இடம் மாறிப் போனாள். கலகெதரையில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னும் இந்தப் புதர வெட்டலையா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். நெற்றியில் ஒன்றிரண்டு வளையம் விழுந்து அழகு காட்டுகிற சுருட்டை இல்லை என்னுடையது. வேரிலேயே திருகிக்கொண்டு கிளம்பி, காதைத் தாண்டுவதற்குள் நாலா பக்கமும் தன் இஷ்டத்துக்குப் போகிற முடி. காய்ந்த தலையில் சீப்பை விட்டால் சீப்புத்தான் உடையும்.

அது என் அம்மாவின் முடி. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் பேசப் பழகுவதற்கு முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவளுடைய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஆனால் அது கல்யாணத்தன்று எடுத்த படம். தலையை எண்ணெய் வைத்துப் படியவாரி, மிச்சத்தைப் பூவால் மூடியிருந்தார்கள். ஆகவே அம்மாவின் முடியைப் பார்க்க விரும்பியவர்கள் என்னைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அம்மா போன பிறகு அவளுடைய தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். மாத்தளையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கிய சித்தி அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்தாள். தாயின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்திதான் என்பதால், கூப்பிடும் முறையை மாற்றுகிற சிரமம்கூட எனக்கு வரவில்லை. சந்தில் இருந்தவர்கள்தான் "பாவம், சித்திகிட்ட வளருது" என்று சொல்லும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்த இழுவை புரியாது. நான் பாவமாக ஒன்றும் வளரவில்லை.

அப்பா நகரசபையில் கிளார்க்காக இருந்தார். கூப்பன் அரிசியைப் போல அளந்துதான் பேசுவார். அதிலும் சித்தியிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்டது மிகக் குறைவு. சித்தி அடுப்படியில் இருப்பாள், அப்பா அதன் வாசலில் நிற்பார், இடையில் நான் இருப்பேன். "சித்திகிட்ட கேளு, தண்ணி கொதிச்சிருச்சான்னு" என்பார். "அப்பாகிட்ட சொல்லு, கொதிக்குதுன்னு" என்பாள் சித்தி. இருவருக்கும் இருவர் பேச்சும் நன்றாகவே காதில் விழும். இருந்தாலும் நான் ஒழுங்காகத் திரும்பச் சொல்வேன். ஒரு வீட்டுக்கே தபால்காரியாக இருப்பதில் எனக்குப் பெருமை. எல்லா வீட்டிலும் பிள்ளைகளை இதற்காகத்தான் பெறுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கரும்பலகை முறையீட்டுக்குப் பிறகு பள்ளி நாட்களில் என் முடி சிறையில் இருக்கும். தண்ணீர் தெளித்து, எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னலாக இறுக்கிக் கறுப்பு ரிப்பன் கட்டிவிடுவாள் சித்தி. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுதலை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சித்தி பின்வாசல் படியில் உட்காருவாள். ஒரு படி கீழே, அவள் முழங்காலில் தலையைச் சாய்த்து நான். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அந்த வீட்டுச் சிங்கள அம்மாவை நான் நெந்தா என்று கூப்பிடுவேன், அவர்கள் பாஷையில் அத்தை என்று அர்த்தம். இருக்கிற அத்தையை விட இந்த அத்தையிடம் எனக்குப் பிரியம் அதிகம். நெந்தாவின் வளவில் ஒரு தவுல் குருந்து மரம் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அதில் ஒரு கை இலை பறித்து அந்தச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போவார். அந்த இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் கொழகொழவென்று சாறு இறங்கும். சித்தி அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு மண்சட்டியில் எடுத்துக்கொள்வாள். முடி ரொம்ப வறண்டு கிடக்கிற வாரங்களில் அதில் கொஞ்சம் தேங்காய்ப் பாலும் சேரும்.

தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போதுதான் சித்தி வேலையைத் தொடங்குவாள். நுனியில் சிக்கெடுத்து மெல்ல மேலே வருவாளே ஒழிய, வேரிலிருந்து கீழே இழுக்கமாட்டாள். சீப்பைவிட விரல்களுக்குத்தான் வேலை. பிறகு கற்றை கற்றையாகப் பிரித்து, சாற்றைத் தடவி, சுட்டுவிரலில் சுற்றி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து விடுவாள். விட்ட கற்றை ஒரு தரம் துள்ளிவிட்டுச் சுருளாகத் தன் இடத்தில் நின்றுகொள்ளும். காயும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் மறுபடியும் புதர்தான்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க சித்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க அம்மா தலையிலதான். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. நாந்தான் பின்னால உக்காந்து எடுத்துவிடுவேன்."

சித்தியின் முடியோ நூல் பிடித்த மாதிரி நேரானது. கொண்டையை அவிழ்த்தால் வழியில் எங்கேயும் நிற்காமல் இடுப்புக்கு வந்து விழும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அப்படியும் மற்றவளுக்கு இப்படியும் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேர் முடி எனக்கு வாய்க்கவில்லையே என்று நான் பலநாள் ஏங்கியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இன்று நினைத்தால், அவை எல்லாம் ஒரே பிற்பகலாகத்தான் தெரிகின்றன. ஹந்தானை மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்து பலாமரத்தின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மழை வருமா வராதா என்று அதுவும் சொல்லாது. நான் தூங்கியும் தூங்காமலும் இருப்பேன். கண்ணை மூடினால் சித்தியின் விரல்கள் என் தலைக்கு வெளியே நடக்கின்றனவா, உள்ளே நடக்கின்றனவா என்பது தெரியாமல் போய்விடும். பச்சை இலை வாசனை. சட்டியில் சொட்டும் சத்தம். புத்தர் கோயில் மாளிகைப் பக்கம் மேளம் அடிப்பது மலையில் பட்டுத் திரும்பி வரும். அது நின்ற பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். சித்தி எதையோ முணுமுணுப்பாள். அது பாட்டா, யாரிடமாவது பேச்சா என்று கண்டுபிடிக்க முயன்று ஒவ்வொரு தடவையும் பாதியில் தூங்கிப்போவேன்.

விழிக்கும்போது தலை காய்ந்திருக்கும். உடனே எழுந்து முன்பக்கம் ஓடுவேன். அப்பா கதிரையில் பேப்பரோடு இருப்பார். நான் போய் முன்னால் நின்றால் பேப்பர் மெல்ல இறங்கும். அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு காதோரத்துச் சுருள் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து, நீளமாக இழுத்து, விடுவார். அது துள்ளி மேலே ஏறும். மீசைக்குள் ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். பேப்பர் மறுபடி மேலே போய்விடும். வாரம் முழுவதும் ரிப்பனையும் குருவிக் கதையையும் பொறுத்துக்கொண்டு நான் காத்திருந்தது அந்த ஒரு இழுப்புக்காகத்தான். பின்னல் போட்ட நாட்களில் அப்பா என் தலையைத் தொடமாட்டார்.

சித்தி கையில் சட்டியோடு உள்வாசலில் நிற்பாள். "பாத்தீங்களா சித்தி?" என்பேன். "பாத்தேன்" என்பாள். சட்டியைக் கழுவப் போய்விடுவாள். அந்தச் சின்னச் சட்டியைக் கழுவ அவளுக்கு நிறைய நேரம் பிடிக்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு சித்திரை வருஷப்பிறப்பு வந்தது. அரிசியும் மாவும் அளந்து கிடைத்த காலம் அது. எப்படியோ மிச்சம் பிடித்துச் சேர்த்த அரிசியை இடித்து, முதல்நாள் காலையிலிருந்தே சித்தி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அத்தை மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். போன தடவை போகும்போதே அப்பாவிடம், "அடுத்த தடவ கத்தரிக்கோலோடதான் வருவேன் தம்பி. பொம்பளப் புள்ளய இப்படியா விடுறது?" என்று சொல்லிவிட்டுப் போனவர். அத்தை சொன்னதைச் செய்கிறவர். போதாக்குறைக்கு அன்றைக்கு என் தலை நான் தூங்கி எழுந்த கோலத்திலேயே இருந்தது.

"சித்தி, தலைக்குப் போட்டுவிடுங்க. அத்தை வர்றதுக்குள்ள."

"நாளைக்குத் தலைக்குக் குளிச்சதும் போடுறேன். கையெல்லாம் மாவா இருக்கு பாரு."

நாளைக்குத் தலை இருக்கும், முடி இருக்குமா என்பதுதான் என் கவலை. முடி போனால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அப்பா எதைப் பிடித்து இழுப்பார்? இந்தக் கேள்வியோடு பின்பக்கம் போனேன். அங்கே அந்தச் சுவரின் மேல், எப்போதும் இலை இருக்கும் அதே இடத்தில், வாழையிலையால் மூடிய சட்டி ஒன்று இருந்தது. இலையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ இருந்தது. குனிந்து மோந்தேன். தவுல் குருந்து, தேங்காய்ப் பால்.

நெந்தாவின் நல்ல மனதை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இலையை மட்டும் கொடுக்காமல், பண்டிகை நாளில் சித்திக்கு ஏது நேரம் என்று தானே கசக்கி, பாலும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே. வழக்கத்தைவிடக் கெட்டியாகத்தான் இருந்தது. பண்டிகைக்கென்று கெட்டியாகச் செய்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

குழாயில் தலையை நனைத்தேன். சித்தியைப் போலவே கற்றை பிரித்தேன், விரலில் சுற்றினேன். சித்தி சாற்றைத் தடவுவதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுவாள். நான் காட்டவில்லை. சட்டி காலியாகும்வரை தடவினேன். பிறகு, காயும்வரை கை வைக்கக் கூடாது என்ற சட்டத்தை மதித்து, தண்ணீர்த் தொட்டியின் சீமெந்து விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டேன். சித்திரை வெயில் இதமாக இருந்தது. உள்ளே சித்தி முறுக்குச் சுடும் வாசனை வந்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

அன்று கண்ட கனவு இன்னும் நினைவிருக்கிறது. என் முடி வளர்ந்து தொட்டியிலிருந்து கீழே இறங்கி, சந்தின் படிகளில் சுருள் சுருளாக உருண்டு, ரோட்டைக் கடந்து வாவிக்கரை வரைக்கும் போய்விட்டது. பஸ்கள் எல்லாம் அதற்காக ஒதுங்கி நின்றன. வாவியில் இருந்த மீன்கள் வந்து அதன் நுனியை மோந்து பார்த்தன. கரையில் அப்பா நின்றார், பக்கத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். அவள் திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"அனே, துவே" என்று, அதாவது ஐயோ மகளே என்று, குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தால் நெந்தா நின்றார். ஒரு கையில், அடுத்த சந்தில் கடன் வாங்கி வந்த எண்ணெய்ப் போத்தல். மறு கையில், மாவை எண்ணெயில் இழை இழையாக ஊற்றுகிற ஓட்டைச் சிரட்டை. காலிச் சட்டியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார்.

"இது தலைக்குப் போடுறது இல்லே துவே" என்றார். "தின்றது."

சிங்கள வீடுகளில் வருஷத்துக்குச் சுடுகிற ஆஸ்மி என்ற பலகாரத்துக்கு அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் இந்தத் தவுல் குருந்துச் சாற்றில்தான் கரைப்பார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியவந்தது. அதைத் தெரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழிகள் இருந்திருக்கும். தலையைத் தொட்டேன். ஓடு மாதிரி இருந்தது. அழுத்தினால் நொறுங்கியது, விட்டால் முடியையும் பிடித்துக்கொண்டு இழுத்தது. எறும்புகள் வேறு சேதி தெரிந்து வர ஆரம்பித்திருந்தன. நான் அழத் தொடங்கினேன். நெந்தா தன் வருஷத்து மாவெல்லாம் என் தலையில் காய்ந்து நிற்பதைப் பார்த்து முதலில் சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மாவுக் கையோடு சித்தி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அத்தையும் வந்து நின்றார்.

அத்தை நேராக என் அருகே வந்தார். பையிலிருந்து சீப்பை எடுத்து என் தலையில் விட்டுப் பார்த்தார். அதன் பல் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்ததாகக் கத்தரிக்கோல் வந்தது. உண்மையிலேயே கொண்டு வந்திருந்தார்.

"இனி ஒண்ணும் செய்ய ஏலாது. ஒட்ட வெட்டத்தான் வேணும்" என்றவர், சித்தியைப் பார்க்காமல் பலாமரத்தைப் பார்த்து, "பெத்தவ இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாளா?" என்றார்.

சித்தி மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நல்ல நாளுக்கு முதல்நாள் என்று அரைநாளோடு வேலை முடிந்து, அந்த நேரம் பார்த்து அப்பாவும் வந்து சேர்ந்தார். பின்வாசலில் குடையோடு நின்றபடியே என் தலையைப் பார்த்தார். அத்தைக்குத் தம்பியின் முகத்தைக் கண்டதும் மனது இளகிவிட்டது போலும். யோசித்து ஒரு வழி சொன்னார்.

"நாளும் கிழமையுமா வெட்டினாத்தான் பேச்சு வரும். கதிர்காமத்தானுக்கு நேர்ந்துக்கிட்டதா நெனச்சு மொட்டை போட்டிருவோம். சாமி காரியமாப் போயிரும். யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல ஏலாது."

கெட்டிக்காரத்தனமான யோசனை. விபத்தை வேண்டுதலாக மாற்றிவிட்டால் ஊர் வாயை முருகனே அடைத்துவிடுவார். சித்தியின் மேலும் பழி வராது. முடி தானே, வளர்ந்துவிடும். நெந்தாவுக்குக்கூட அது சரியாகத்தான் பட்டது, கதிர்காமத்தின் பேரைக் கேட்டதும் கையைக் கூப்பினார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"சித்திகிட்ட கேளு" என்றார்.

சித்தி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். இருந்தாலும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க சித்தி" என்று சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சித்தி என் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய குரலில்தான் சொன்னாள்: "சாமி கேக்கல அண்ணி. கேக்காதத நாம எதுக்குக் குடுக்கணும்?" சொல்லிவிட்டு, அத்தையின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி, உள்ளே போய் அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். அத்தையின் கையிலிருந்து எதையும் யாரும் வாங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எனக்கு அரைத் தூக்கத்தில் நடந்ததாகத்தான் ஞாபகம். அழுத களைப்பும் வெயிலும் சேர்ந்துகொண்டன. கொதிநீர் ஊற்றினால் மாவு வெந்துவிடும், பச்சைத் தண்ணீரில் ஊறாது என்று நெந்தா சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, வழக்கமான படியில் சித்தியின் முழங்காலில் சாய்ந்துகொண்டேன். துணி ஆறும், மறுபடி சூடாக வரும். முறுக்குச் சுட வைத்திருந்த எண்ணெய் என் தலைக்கு வந்தது. பிசைந்தது போக மிச்சமிருந்த அரிசி மாவு முழுவதும் சுவரைத் தாண்டி நெந்தா வீட்டுக்குப் போனது. "எங்களுக்குச் சுட்ட வரைக்கும் போதும்" என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. நெந்தா மரத்தில் பாதியை மொட்டையடித்துவிட்டுப் புது இலை கொண்டுவந்தார். அத்தை கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பேன் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் உட்கார்ந்து, மாவுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் உருவிப் போட்டார்.

மேகம் இறங்கி வந்து பலாமரத்தில் நின்றது. சித்தியின் விரல்கள் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தன. ஒரு கற்றை கழன்று வரும்போதெல்லாம் அவள் மூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது. அன்று அவள் எதையும் முணுமுணுக்கவில்லை. இடையில் ஒரு தடவை நான் கண் விழித்து, "வந்திருச்சா சித்தி?" என்று கேட்டேன். "வந்துக்கிட்டிருக்கு. நீ தூங்கு" என்றாள்.

கடைசியில் மாவெல்லாம் போனது. புதுச் சாற்றைத் தடவி, விரலில் சுற்றி, சுருள் சுருளாக விட்டாள். காய்ந்து எழுந்தபோது மாலையாகியிருந்தது. அரிசி மாவின் உபயமோ எண்ணெயின் உபயமோ, என் முடி அதுவரை அப்படி அமைந்ததே இல்லை. தோளைத் தொட்டுக்கொண்டு, ஒன்றோடொன்று பட்டும் படாமலும், நான் நடந்தால் தானும் நடந்தது. அலுமாரிக் கண்ணாடியில் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அத்தை என் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அப்படியே அவதான்" என்றார்.

அப்பாவிடம் பேப்பர் இருக்கவில்லை. நான் போய் நின்றதும் காதோரத்துச் சுருளை இழுத்து விட்டார். அது துள்ளியது. வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்று இன்னொன்றை இழுத்தார், பிறகு இன்னொன்று. மீசைக்குள் இருந்த சிரிப்பு வெளியே வந்தது.

"உங்க அம்மாவும் நானும் ஒரு நாள் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனோம்" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வாயால் அம்மா என்ற சொல்லை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதாம். நல்ல மழையாம். அம்மாவின் பின்னல் அவிழ்ந்துவிட்டதாம். பஸ் ஏறும்வரை ஒன்றுமில்லை. பஸ்ஸில் காற்றடித்துக் காயக் காய, முடி எழும்பத் தொடங்கியதாம். எழும்பி எழும்பி, பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெரியவரின் தொப்பியைத் தள்ளத் தொடங்கிவிட்டதாம். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவ்வளவு சிரிப்பு அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். இப்போது கனவில் நின்ற அந்தப் பெண் திரும்பிவிடுவாள், முகத்தைப் பார்த்துவிடலாம் என்று இருந்தது.

"அந்தப் பெரியவர் என்னா செஞ்சார் அப்பா?"

"சொல்றேன் இரு. முதல்ல சித்திகிட்ட சொல்லு, அத்தைக்கு டீ கொண்டுவரச் சொல்லி."

ஓடினேன். அடுப்படியில் சித்தி இல்லை. பின்வாசலில், எங்கள் படியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டிருந்தாள். பக்கத்தில் என் சட்டி. அதில் மிச்சமிருந்த சாற்றை எடுத்துத் தன் முடியில் ஒரு கற்றைக்குத் தடவி, எனக்குச் செய்வதைப் போலவே சுட்டுவிரலில் சுற்றி, பிடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு விரலை உருவினாள். கற்றை ஒரு கணம் வளைந்து நின்றது. அப்புறம் மெல்ல அவிழ்ந்து, நேராகத் தொங்கியது. சித்தி மறுபடி சாற்றைத் தொட்டு, மறுபடி சுற்றினாள். முதலில் சுற்றியவையும் அவிழ்ந்து பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு வராது சித்தி" என்றேன்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். "ஆமா, எனக்கு வராது" என்றாள். "மிச்சம் இருந்திச்சு. கொட்டுவானேன்னு பாத்தேன்."

டீயை மறந்துவிட்டேன். இப்பேர்ப்பட்ட வேடிக்கையை உடனே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. முன்பக்கம் ஓடி, "அப்பா, சித்தி தன்னோட முடியச் சுருட்டிப் பாக்கிறாங்க, நிக்கவே மாட்டேங்குது" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அத்தை சிரித்தார், பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா சிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கதிரையை விட்டு எழுந்து பின்பக்கம் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பெரியவர் தொப்பியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே நிற்கிறார், அம்மா பாதி காய்ந்த தலையோடு இருக்கிறாள், அப்பா எழுந்து போய்விட்டார். திரும்பி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. டீயும் வரவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர்த் தொட்டியருகே சித்தி குனிந்து நின்றாள். நீளமான முடி முகத்தை மூடிக்கொண்டு தரையைத் தொட்டது. அப்பா ஆபீஸ் சட்டையின் கையை மடித்துவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு அவள் தலையில் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள். சாறு வழுக்கிக்கொண்டு போய்க் கழிவுநீர்க் காணில் இறங்கியது. அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் வாசல் நிலையில் சாய்ந்து, உம்மென்று நின்றேன். தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டுமென்றால் என்னை அனுப்பியிருக்கலாமே, எப்போதும் என்னைத்தானே அனுப்புவார் என்று இருந்தது எனக்கு.